இன்டர்வியூவுக்கு ஒரு அப்பா

“...டீச்சரம்மா அவரப் பாத்துட்டாங்க, வணக்கம் வேற சொல்லிட்டாங்க. இனிமே அவரு எய்ந்து போனா நல்லாருக்காது. இங்கயே சேர்ல குந்தினு இருக்கட்டும்,” என்றார் அப்பா.

என் தங்கையின் மஞ்சள் நீராட்டு அன்று, இரும்புலியூரில் எங்கள் வீட்டு வாசலில் போட்ட பந்தலில் நின்றுகொண்டு அவர் சொன்னது இது. ‘அவரு’ என்றது எங்கள் தாய்மாமாவை, அம்மாவின் தம்பியை. முறைப்படி மாமா அந்த நேரத்தில் தெருமுனையில் இருந்திருக்க வேண்டும். சீர்த்தட்டோடு, மேளம் முன்னே போக, நடந்து வந்து தங்கை கழுத்தில் மாலை போட வேண்டியவர் அவர். ஆனால் நாங்கள் அழைக்காமலே தங்கையின் பள்ளிக்கூட டீச்சர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். அந்த டீச்சரைப் பொறுத்தவரை எங்கள் மாமாதான் எங்களுக்கு அப்பா. மூன்று வருஷமாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

இது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால், தங்கை அஞ்சாங் கிளாஸ் படித்த வருஷத்துக்குப் போக வேண்டும்.

அது எண்பதுகளின் கடைசி. அப்பாவுக்குப் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் வேலை. ஊறிய தோலைத் தொட்டியிலிருந்து இழுத்துப் போடுகிற வேலை. நகத்தைச் சுற்றி ஒரு நீலக் கறை எப்போதும் இருக்கும். சட்டை மாற்றினாலும் வாடை மாறாது. அம்மா அதை ‘வாசனை’ என்றுதான் சொல்வாள். அப்பா ஒளிக்க மாட்டார். “நம்ம வூட்டு சோறு இந்த நாத்தத்துலதான் வேவுது,” என்பார்.

அவர் கம்பெனியில் வெளிநாட்டுக்குப் போகிற பெட்டிகளின் மேல் இங்கிலீஷில் சீட்டு ஒட்டுவார்கள். அதை வைத்து அப்பா உலகத்தையே இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். அந்தச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவன் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறான், தெரியாதவன் தொட்டி ஓரத்தில் நிற்கிறான். நான் பத்தாவதோடு நின்றபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. தங்கை விஷயத்தில் மட்டும் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டே, “சின்னவளயாவது ஃபேனுக்கு அடில குந்த வெச்சிடணும்,” என்றார். அதோடு அது வீட்டுத் தீர்மானமாகிவிட்டது.

கேம்ப் ரோட்டுப் பக்கம் ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் இருந்தது. கீழ் வகுப்பிலிருந்தே படிக்கிற பிள்ளைகள் போக, ஆறாம் வகுப்பில் கொஞ்சம் பேரைப் புதிதாக எடுப்பார்கள். முதலில் எழுத்துப் பரீட்சை. அதில் தேறினால், அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி இன்டர்வியூ. தங்கை படித்ததோ பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில், தமிழில். அவளைத் தயார்பண்ணுகிற வேலை என் தலையில் விழுந்தது.

எனக்கு இங்கிலீஷ் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து வந்தது. அங்கே எதையும் மூன்று பாஷையில் எழுதி வைத்திருப்பார்கள். தமிழைப் படித்துவிட்டுப் பக்கத்திலிருக்கும் இங்கிலீஷைப் பார்ப்பேன். மளிகைக்கடைப் பொட்டலத்தைப் பிரித்தால் சர்க்கரையை டப்பாவில் கொட்டிவிட்டு அந்தக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொள்வேன். பாதிச் செய்திதான் இருக்கும், மீதியை நானே முடித்துக்கொள்வேன். இந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் வாத்தியார் ஆனேன்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அப்பா ஒரு பழைய கைடு வாங்கி வந்தார். அதில் முன்னால் வைத்திருந்த யாரோ பென்சிலால் விடை எழுதியிருந்தார்கள். பாதிக்குமேல் தப்பு. நான் அழிக்க அழிக்க அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, “பாவம், இந்தப் புள்ளைக்கு சீட்டு கெடச்சிருக்காது,” என்று யாரென்றே தெரியாத ஒரு குழந்தைக்காக வருத்தப்பட்டார்.

தங்கை கணக்கில் கெட்டி. இங்கிலீஷில் கணக்கு வந்தால்தான் தடுமாறுவாள். ஒரு குழாய் தொட்டியை நிரப்புகிறது, இன்னொரு குழாய் காலி செய்கிறது, தொட்டி நிறைய எவ்வளவு நேரம் என்று ஒரு கணக்கு வரும். நான் தமிழில் சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “கீழ் குழாய மூடாம யாரு, அக்கா, தண்ணி புடிப்பாங்க? தண்ணி வர்றதே எப்பவோ ஒரு வாட்டி.” எங்கள் தெருவில் பிறந்தவள் வேறு எப்படிக் கேட்பாள்? மூடக்கூடாது, பரீட்சையில் அப்படித்தான் என்று சொல்லிச் சொல்லி அவளை ஒப்புக்கொள்ள வைத்தேன். வாய்ப்பாட்டைத் தண்ணீர் குடம் தூக்கி வரும்போது சொல்ல வைப்பேன். குடம் தளும்பினால் மறுபடி முதலிலிருந்து.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று தெரிந்ததும், சேலையூரில் ஒரு டியூஷன் சாரிடம் சேர்த்தோம். அந்தப் பள்ளிக்கூடத்து இன்டர்வியூவுக்கென்றே பிள்ளைகளைத் தயார்பண்ணுகிறவர் அவர். பேசுகிற பேச்சில் கெட்டிக்காரர். “எழுதறது கொழந்தைம்மா, மார்க் வாங்கறது பேரன்ட்ஸ்,” என்பார். சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் செருப்பு குவிந்து கிடக்கும். பிள்ளைகளை வரிசையாகக் கதவுக்கு வெளியே நிற்கவைத்து, தட்டச் சொல்லி, கேட்டு, உள்ளே வந்து, உட்காரச் சொன்ன பிறகே உட்கார வைத்து, தேங்க்யூ சொல்ல வைப்பார். உட்காருவதற்கே ஒரு வாரம் பாடம் நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோர்களையும் வரச் சொல்லியிருந்தார். அப்பா நன்றாகக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கையை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சார் இங்கிலீஷில் அவர் வேலையைப் பற்றிக் கேட்டார். அப்பாவுக்குக் கேள்வி புரியவில்லை. தங்கையிடம் நாங்கள் தினமும் கேட்கும் கேள்வி என்று நினைத்துக்கொண்டு, கற்றுக்கொடுத்த மாதிரியே தெளிவாக, “ஐ ஆம் ஸ்டடியிங் இன் ஃபிஃப்த் ஸ்டாண்டர்டு,” என்றார்.

மற்ற பெற்றோர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சார் சிரிக்கவில்லை, நல்ல மனுஷர். எல்லோரும் போனபிறகு எங்களை மட்டும் நிறுத்தி, மெதுவாகத்தான் கேட்டார். வீட்டில் படித்தவர்கள், ஆபீஸ் போகிறவர்கள், வேறு யாராவது ஆண்பிள்ளை இருக்கிறார்களா என்று. சித்தப்பா, பெரியப்பா என்று இப்படி அழைத்துப் போகிறவர்கள் நிறையப் பேர், பள்ளிக்கூடத்தில் யாரும் போட்டோவை வைத்து ஒத்துப் பார்ப்பதில்லை என்றும் சொன்னார். “தப்பா எடுத்துக்காதீங்க சார். போட்டோ புடிக்கறதுக்கு எரவல் சட்டை போட்டுக்கறோம் இல்லையா, அந்த மாதிரி.”

அப்பா யோசிக்கவே இல்லை. “நம்ம மச்சான் கீறாரே,” என்றார்.

மாமா ரயில்வேயில் குமாஸ்தா. இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா, கேட்டால் கேட்டதற்கு இங்கிலீஷ். கல்யாணம் ஆகவில்லை. ஆனால் முன்நெற்றி முடி முழுக்கப் போய்விட்டிருந்தது. பெண் பார்க்கிற வீடுகளில் எல்லாம் காலை வாரிய அந்த வழுக்கை, பத்து வயதுப் பெண்ணுக்கு அப்பா என்று சொல்ல மட்டும் பொருத்தமாக இருந்தது. அவர் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னார். “மச்சான், நீங்க உயிரோட இருக்கறப்ப இது என்ன பேச்சு?” என்றார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அரைமணி நேரம் அப்பாவாக இருந்தால் ஒன்றும் தேய்ந்துபோக மாட்டீர்கள், நானும் தேயமாட்டேன் என்று சிரிக்கச் சிரிக்கப் பேசிச் சம்மதிக்க வைத்தார்.

அம்மாதான் மறுத்துவிட்டாள். “கூடப் பொறந்தவனப் பக்கத்துல உக்கார வெச்சினு அங்க போயி நான் என்ன சொல்றது? என்னால ஆவாது.” அவளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்று சார் வழி சொன்னார். ஃபாரத்தில் எழுதியது அப்பாவின் பெயர்தான். ஆள் மட்டும் மாமா.

அப்புறம் ஒரு மாதம் எங்கள் வீட்டில் நடந்ததை என்னவென்று சொல்ல. வாய்ப்பாடு, பொது அறிவு, இவற்றோடு இதுவும் ஒரு பாடமாகச் சேர்ந்தது. மாமா வந்தால் தங்கை அவரை அப்பா என்றுதான் கூப்பிட வேண்டும். அவளுக்கு வாய் வரவில்லை. மாமா என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, “மாமாப்பா” என்பாள். அந்தப் பாடத்தை மட்டும் அப்பாதான் எடுத்தார். வேலை விட்டு வந்து, குழாயடியில் கை கழுவிக்கொண்டே அங்கிருந்து கேட்பார்.

“உங்கப்பா எங்க வேலை செய்யறாரு?”

“ரயில்வே ஆபீஸ்ல.”

“பேஷ். தோல் கம்பெனில இல்லியே?”

“இல்ல.”

“அப்படிச் சொல்லு.”

அவள் தடுமாறாமல் சொன்ன நாளில் தேன்மிட்டாய் வாங்கி வருவார். ஒரு சாயங்காலம் அவள் அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தை இறக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டு “அப்பா” என்று அலறினாள். கூடத்தில் மாமாவும் அப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் எழுந்தார்கள். மாமா அப்படியே பாதியில் நின்று, வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டார். அப்பா போய் அவள் கையைத் தண்ணீரில் முக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பி, “மச்சான் நல்லா தேறிட்டாரு,” என்றார். எல்லோரும் சிரித்தோம். அம்மா மட்டும் பாத்திரத்தைத் துடைத்த இடத்திலேயே துடைத்துக்கொண்டிருந்தாள்.

எழுத்துப் பரீட்சையில் தங்கை தேறினாள். இன்டர்வியூ அன்று நான்கு பேரும் போனோம். மாமாவும் தங்கையும் உள்ளே. நானும் அப்பாவும் எதிர்ப்பக்கம் ஒரு சைக்கிள் கடை ஓரமாக நின்றோம். உள்ளே நடந்ததை மாமாதான் வந்து சொன்னார். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். அவர்களில் ஒருவர்தான் பிறகு தங்கைக்கு வகுப்பு டீச்சராக வந்தவர். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டாளாம். கடைசியில் அந்த டீச்சர், உன் அப்பாவைப் பற்றி நீயாக ஏதாவது சொல்லு என்றாராம். ரயில்வே ஆபீஸ் என்று ஆரம்பித்தவள், சொல்லிக்கொடுத்தது தீர்ந்துபோனதும், தெரிந்த இங்கிலீஷில் தானாகவே சேர்த்துச் சொல்லியிருக்கிறாள். எங்கப்பா வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுவார், முகர்ந்து பார்ப்பார், மறுபடி கழுவுவார், அப்புறம்தான் என்னைத் தொடுவார் என்று.

“ரொம்ப சுத்தம் பாக்கறவரு போலிருக்கேன்னு டீச்சர் என்னைப் பாத்து சிரிச்சாங்க மச்சான். நான் என் கைய எங்க வெச்சிக்கறதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன்,” என்றார் மாமா.

அப்பா சைக்கிளை ஸ்டாண்டு எடுத்து, தங்கையைத் தூக்கி முன்னால் உட்கார வைத்துக்கொண்டு மிதித்துப் போய்விட்டார். நானும் மாமாவும் பின்னால் நடந்தே வந்தோம்.

இடம் கிடைத்துவிட்டது. அரைமணி நேரத்து வேலை என்று நினைத்தது அங்கேதான் எங்களை ஏமாற்றியது. பள்ளிக்கூடம் என்றால் ரிப்போர்ட் கார்டு உண்டு, பெற்றோர் கூட்டம் உண்டு, ஆண்டு விழா உண்டு. எல்லாவற்றுக்கும் மாமா அரைநாள் லீவு போட்டுக்கொண்டு போய் வந்தார். பொய் விலாசம் கொடுத்துச் சேர்ந்த ஒரு பையனை நடுவருஷத்தில் டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்று தெருவில் பேச்சு. அது உண்மையோ பொய்யோ, கேட்ட நாளிலிருந்து அம்மாவுக்குப் பயம். நம்ம பிள்ளைக்கும் அப்படி ஆகிவிட்டால் இவ்வளவு தூரம் வந்ததெல்லாம் என்னத்துக்கு என்பாள். விட்டால் சீட்டு போய்விடும் என்பதால், பிடித்ததை விட முடியவில்லை.

அப்பா அவளைச் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார். கேட்டு வரை போகமாட்டார், நாலு கடை தள்ளியே இறக்கிவிடுவார். ஒரு நாள் நல்ல மழை. அன்றைக்கு மட்டும் குடையோடு கேட்டு வரை வந்து நின்றிருக்கிறார். அந்த டீச்சர் பார்த்துவிட்டு, யாரும்மா இது என்று கேட்டிருக்கிறார். தங்கை, “மாமா,” என்றாளாம். அவளுக்குக் கணக்கு சரிதானே, மாமா அப்பா என்றால் அப்பா மாமா. டீச்சர் அவள் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, “நீ உங்க மாமாவ உரிச்சு வெச்சிருக்கியே,” என்று சொல்லிச் சிரித்தாராம்.

வீட்டுக்கு வந்து இதை அப்பாவே நடித்துக் காட்டினார். ஒரு வாரம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் சிரிப்பு கொஞ்சம் குறைந்துகொண்டே வந்து, ஒரு நாள் சொல்வதை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு டீச்சர் முன்னால் எப்போது அப்பாவைப் பார்த்தாலும் தங்கை மாமா என்றே கூப்பிட்டாள். அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அவள் எட்டாவது படிக்கும்போது வயதுக்கு வந்தாள். எனக்குச் செய்தபோது மாமா தெருமுனையிலிருந்து பதினோரு தட்டோடு வந்தவர். சின்னவளுக்கு அதற்குமேல் செய்ய வேண்டும் என்று மாமாவுக்கு ஆசை. அப்பாவாக நடித்து நடித்துக் களைத்துப்போன மனுஷனுக்கு அன்றைக்கு ஒரு நாளாவது சொந்த முறையில் நிற்க ஆசை என்று அம்மா பிற்பாடு சொன்னாள். பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. காய்ச்சல் என்று லீவு லெட்டர். ஆனால் கூடப் படிக்கிற பெண் பிள்ளைகள் வாயை யார் கட்டுவது?

டீச்சர் ஒரு டிபன் பாக்ஸைக் கலர் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு, சேலையூரிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து இறங்கினார். பந்தலில் முதலில் கண்ணில் பட்டவர் மாமாதான், தெருமுனைக்குக் கிளம்ப வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் அவருக்கு வணக்கம் சொல்லி, பெண்ணைப் பெற்றவருக்கு வாழ்த்துச் சொல்லி, பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார். மாமா மடித்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் டீச்சர் சுற்றிப் பார்த்து, “தாய்மாமன் சீர் இன்னும் வரலையா? சைக்கிள்ல வருவாரே, அவர்தானே?” என்றார்.

மாமா ஆமாம் என்று தலையசைத்தார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

நான் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்தபடி வந்து, பந்தல் ஓரத்தில் அம்மாவையும் அத்தையையும் என்னையும் வைத்துக்கொண்டு, ஆரம்பத்தில் நான் எழுதியதைச் சொன்னார். எழுப்பாதே, அவர் உட்காரட்டும் என்று.

அத்தை அவருக்கு அக்கா. அவளுக்கு இந்தப் பள்ளிக்கூடக் கதை அரைகுறையாகத்தான் தெரியும். “மாமன் இங்க குந்தினா, சீரு இன்னா தானா நடந்து வருமா? அந்தம்மாகிட்ட போயி உள்ளத சொல்லிட்டா இன்னா, தலைய வாங்கிடுவாளா?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

“தலைய வாங்க மாட்டாங்க. சீட்ட வாங்கிடுவாங்க,” என்றார் அப்பா. “இன்னும் ரெண்டு வருசம் கீது, அக்கா.”

“பெத்தவனே மாமன் தட்ட தூக்கினு வந்தா அந்தப் பொண்ணுக்கு ஆவுமாடா?”

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. கதவு இடுக்கில் பட்டுப்புடவையும் நெற்றிச்சுட்டியுமாகத் தங்கை நின்றுகொண்டிருந்தாள். அவள் எதைக் கேட்டாள், எதைக் கேட்கவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்துச் சும்மாடு கட்டினார். பந்தல் வழியாகப் போகாமல், டீச்சர் கண்ணில் படாதபடி, வீட்டுக்குப் பின்பக்கச் சந்தில் இறங்கித் தெருமுனைக்குப் போனார். அங்கே தட்டுகளோடு காத்திருந்த பெரியம்மாக்களிடம் என்ன சொன்னாரோ, அவர்கள் ஒன்றும் கேட்காமல் வரிசையில் நின்றார்கள். பெரிய தட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு, மாலையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, மேளக்காரரை வாசிக்கச் சொன்னார். தெரு முழுக்க நடந்து வந்தார். எங்கள் வாசலுக்கு வந்ததும், உள்ளே காலை வைக்காமல், மாமன்காரர்கள் நிற்பதுபோல் படிக்கு வெளியே ஒதுங்கி நின்று, அம்மா வந்து ஆரத்தி எடுத்து உள்ளே கூப்பிடட்டும் என்று காத்திருந்தார்.